மூன்று சுற்று

விடிந்தால் லாரி வரும் என்று பொழுது சாயும்போதுதான் சொன்னார்கள். மலாக்கா டவுனில் சாக்கடை வெட்டிக்கொண்டிருந்த நல்லையாவின் பேரும் ஜப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் பாதை போடப் போகிறவர்களோடு சேர்ந்துவிட்டது. முன்னே போனவர்களில் ஒருத்தரும் திரும்பவில்லை. ஆறு மாத வயிற்றோடு இருந்த அவன் பெண்சாதி பாக்கியலட்சுமி அழவில்லை. “பொறக்கிற புள்ளைக்கு அப்பன் மூஞ்சி வேணும்” என்று பக்கத்துச் சந்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே ஏகாம்பரம் செட்டி, படம் பிடிக்கிறவர். ஜப்பான்காரன் வந்தபின் கடையை மூடிவிட்டார். படம் விழுகிற கண்ணாடித் தகடு, ஒளித்துவைத்தது, ஒன்றே ஒன்று மிச்சம். கரண்டும் இல்லை. ஆனால் விளக்கணைத்த ராத்திரிகளில் அவர் ஒன்றைப் பழகியிருந்தார். காமிராவின் கண்ணைத் திறந்துவைத்து, சிறு விளக்கை எதிரே நகர்த்திக்கொண்டே இருந்தால் வெளிச்சம் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சேர்ந்து படம் விழும். தண்ணீர்க் குடத்தை அப்படிப் பிடித்திருந்தார். மனுசனைப் பிடித்ததில்லை.

ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, நல்லையாவைக் காமிராவுக்கு எதிரே உட்காரவைத்தார். “குடம் ஆடாது, நீ ஆடுவே. டியாம், டியாம். சும்மா இரு.”

“கல்லா இருக்கேண்ணே.”

“தங்கச்சி, நீ வெளக்கப் புடி. இந்தத் தகரத்தை வெளக்குக்கும் காமிராவுக்கும் நடுவுல மறைச்சுக்க. நெருப்பு காமிராவைப் பாத்தா நெருப்புத்தான் விழும், ஆள் விழமாட்டான்.”

காமிராக் கண்ணின் மூடியை எடுத்துவிட்டு, “சத்து, டுவா, தீகா” என்று மலாயில் எண்ணத் தொடங்கினார். விளக்கு அவன் கைமேல், சட்டைமேல், கழுத்துமேல் ஏறியது. எண்ணிக்கை நூற்றைம்பது தாண்டியிருக்கும். பயணம் போகிற புருசன் எதிரே, கையிலே தீபம். பாக்கியத்தின் கண் நிறைந்தது. தகரத்தை எப்போது தாழ்த்தினாளோ, அவன் முகத்துக்கு நேரே ஆலத்தியாய்ச் சுற்றிவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று.

நல்லையா பார்த்தான். வாய் திறந்தால் ஆடிவிடும் என்று சொல்லாமலிருந்தான். ஏகாம்பரம் எண்ணுவதை நிறுத்தி மூடியைப் போட்டார்.

“தகட்டைக் கழுவ நேரமாகும். நீ போய் மரவள்ளி அவிச்சுக் கட்டிவை, தங்கச்சி.”

அவள் போன பிறகு தகட்டைக் கழுவி விளக்கருகே காட்டினார். அதில் வெளிச்சம் கறுப்பாகத்தான் விழும். முழங்கால்மேல் வைத்த இரண்டு கையும் நகம்வரை துல்லியம். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று கறுப்பு வளையம்.

“வேற தகடு இல்லடா, தம்பி.”

நல்லையா வளையங்களை ஒவ்வொன்றாய் எண்ணினான். “நான் ஆடிட்டேன்னு சொல்லிடுங்கண்ணே.”

“நீ ஆடலையே!”

“அவ கைமேல பழி வேணாம். திரும்பி வரணும்னு சுத்துன கை அது. நான் வராமப் போயிட்டா, காலம் பூரா அந்தக் கையப் பாத்துக்கிட்டே இருப்பா.”

ஏகாம்பரம் தகட்டைத் துணியில் சுற்றினார்.

வீட்டு வாசலிலேயே அவள் மறித்தாள். “விழுந்துச்சா?”

“நாந்தான் ஆடிட்டேன், பாக்கியம்.”

“ஆடிட்டீங்களா? செத்த நேரம் சும்மா உக்கார முடியல! உங்ககிட்ட வேற என்ன கேட்டேன் நான்?”

கிழங்குப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே திட்டினாள். அழுதுகொண்டே திட்டினாள். லாரி வந்து நிற்கும்வரை அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான்.