வாடை இல்லாத தண்ணி

அக்கா, நான்தான் சொட்டு. இங்க இப்ப எனக்கு அதுதான் பேரு. இருபத்திரெண்டு வயசாகியும் பாத்ரூம்ல தாழ் போட்டுட்டு ஃபோன்கிட்ட குசுகுசுன்னு பேசிட்டு இருக்கேன். நான் பேசறத அது தப்புத்தப்பா டைப் அடிச்சா நீயே சரி பண்ணிப் படிச்சுக்கோ.

வெள்ளம் வடிஞ்சும் குழாய்த் தண்ணியில சாக்கடை கலந்திருக்கு, குடிக்காதீங்கன்னு மைக்ல சொல்லிட்டுப் போனாங்க. எங்களுது கரண்ட் அடுப்பு, கரண்டு இல்ல, கொதிக்க வைக்க வழியில்ல. அதனால நான்தான் பெரிய கேன்ல பிடிச்சு, வாசனை சேர்க்காத ப்ளீச்ச லிட்டருக்கு ரெண்டு சொட்டு விட்டு, அரைமணி நேரம் மூடி வெச்சேன். லேசா மருந்து வாடை வந்தாத்தான் குடிக்கலாம். பேரு அதுல வந்ததுதான்.

காலையில, வெள்ளத்துல வீடு போக முடியாம எங்ககூடவே தங்கியிருக்கிற டிரைவர் அண்ணன், "டேய் சொட்டு, இன்னிக்குத் தண்ணி தேனா இருக்குடா"ன்னாரு. எனக்கு அங்கயே இடிச்சுது. மோந்து பாத்தேன். வாடையே இல்ல. மூணு பேர் குடிச்சும் கேன் கழுத்து வரைக்கும் நிக்குது. என்ன, தானா ஊறுதா?

முதல்ல அண்ணன் மேலதான் சந்தேகம். ஆனா அவரே அதக் குடிச்சுட்டு மத்தியானத்துல இருந்து வயித்தப் பிடிச்சுட்டு ஓடுறாரு, பாவம். மிச்சம் உன் வீட்டுக்காரர்தான்.

"மாமா, கேன்ல யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

"யாருடா ஊத்துவா?"ன்னு சுவத்தப் பாத்துச் சொன்னாரு. அவரு கையில இருந்த ஜக் சொட்டச் சொட்ட ஈரம்.

நான் போற மாதிரி போய் கதவிடுக்குல பாத்தேன். குழாயத் திறந்தாரு, பிடிச்சாரு, கேன்ல ஊத்துனாரு! கேட்டா, "கொஞ்சம் நல்ல தண்ணி கலந்தா வாடை போயிடுதுல்ல? கண்ணாடியாட்டம் இருக்கு, இதுல எங்கடா சாக்கடை?"ங்கிறாரு. திரும்ப மருந்து விடலாம்னா ப்ளீச் பாட்டிலையும் காணோம். "உன் கையில குடுத்தா எங்க குடலையே வெளுத்துடுவே"ன்னு ஒளிச்சு வெச்சுட்டாரு.

இப்பவும் குடிக்க ஒரு டம்ளர் மொண்டு வெச்சிருக்காரு.

அண்ணன் கதவ இடிக்கிறாரு. "டேய் சொட்டு, வெளிய வாடா, உயிர் போகுது!"

நான் சொன்னா மாமா சிரிக்கிறாரு. நீ சொன்னாத்தான் அடங்குவாரு. இதப் படிச்ச உடனே அவருக்கு ஃபோன் போடு. அந்தத் தண்ணிய ஒரு வாய்கூட குடிக்க வேணாம்னு சொல்லு. பாட்டில எங்க வெச்சிருக்காருன்னு கேட்டு எனக்குச் சொல்லுக்கா.