பிரேக் போடாத சத்தம்

தபோதரன் வழுக்கவில்லை. கதையை எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கவேண்டும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதிலிருந்து காலில் சறுக்குச் சப்பாத்தோடு திரிந்தவன் அவன். மியூனிக்கில் பிறந்து, பள்ளிக்கூடம் போனதைவிட ஐஸ் அரங்குக்குப் போனது கூட. அவன் வழுக்கிவந்து என் முதுகில் மோதினான் என்று யாராவது சொன்னால், மீன் தண்ணீரில் மூழ்கிச் செத்தது என்றாலும் நம்பக்கூடிய ஆள்தான் அவர்.

நான் சேயோன் ஆனந்தராசா. இதே நகரத்தில் டிராம் ஓட்டினேன். ஓட்டுகிறேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் தபோதரன் அதற்கு வழி வைக்கவில்லை.

எங்களுடையது வேலைக்குப் போகிறவர்கள் பொழுதுபோக்குக்காக விளையாடுகிற ஹொக்கி லீக். தச்சர், கணக்காளர், பல் வைத்தியர் என்று எல்லோரும் இருக்கிறோம். தொலைக்காட்சியில் வருகிற ஐஸ் ஹொக்கியில் ஆளை ஆள் உடம்பால் இடிக்கலாம். எங்கள் லீக்கில் அது அடியோடு தடை. திங்கட்கிழமை விடிந்தால் எல்லோரும் வேலைக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் காரணம். சின்னப் பிள்ளைக்கும் விளங்குகிற விதி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம். தபோதரன் எதிரணி. ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் தட்டு. அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவால் அந்தப் பந்துத் தட்டைத் தள்ளிவிட்டு, சுற்றிப்போய் எடுத்து கோல் போட்டேன். அவனுடைய அணிக்காரர்களே சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோல் போட்டவன் பின்னே அழுவானா?

கொஞ்ச நேரத்தில் பந்துத் தட்டு மூலைக்குப் போனது. நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிப் பலகையைப் பார்த்தபடி குனிந்து அதை எடுக்கப் பார்த்தேன். பின்னால் யாரோ வருவது கேட்டது. ஐஸில் வருகிறவன் நிற்கவேண்டுமென்றால் காலைக் குறுக்கே திருப்பவேண்டும். அப்போது தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. டக், டக், டக் என்று காலை உதைத்து வேகம் கூட்டுகிற சத்தம்தான் வந்தது. வழுக்குகிறவன் உதைத்துக்கொண்டு வரமாட்டான். பலகைக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. தலை நிமிர்ந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டு வந்தான்.

பிறகு பலகை.

எலும்பெல்லாம் பொருந்திவிட்டது. கண்தான் பொருந்தவில்லை. களைத்தால் எல்லாம் இரண்டாகத் தெரியும். இரண்டு தண்டவாளம் தெரிகிறவனிடம் யார் டிராமைக் கொடுப்பார்கள்? நானே கொடுக்கமாட்டேன். என்னை அலுவலகத்தில் முறைப்பாட்டுப் பிரிவில் உட்கார்த்திவிட்டார்கள். டிராம் பிந்திவிட்டது, கதவு மூடிவிட்டது என்று தொலைபேசியில் திட்டுகிற சனத்திடம் மன்னிப்புக் கேட்பதுதான் இப்போது என் தொழில். காலையிலிருந்து மாலைவரை, நான் செய்யாத பிழைக்கெல்லாம் மன்னிப்புக் கேட்கிறேன். அதில் ஒன்றைக்கூட தபோதரன் எனக்குத் தரவில்லை. 'வழுக்கிவிட்டேன்' என்று தன் காப்புறுதிக்கு எழுதிப்போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான்.

நான் வழக்குப் போட்டேன். என் வக்கீல், விம்மர் அம்மையார், முதல் சந்திப்பிலேயே கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"அவர் கவனக் குறைவாக, விதியை மீறி விளையாடினார் என்றால் அவருடைய காப்புறுதி உங்களுக்கு நட்டஈடு தரும். வேண்டுமென்றே செய்தார் என்று வந்தால் காப்புறுதி கையை விரித்துவிடும். அப்புறம் அவருடைய சட்டைப் பையில்தான் தேடவேண்டும். அதில் ஒன்றும் இல்லை. ஆகவே 'வேண்டுமென்றே' என்ற சொல் உங்கள் வாயில் வரவே கூடாது."

"ஆனால் வேண்டுமென்றேதான் செய்தான்."

"முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பதில் தேவையில்லை என்பதுபோல் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து நிருபமாவிடம் சொன்னேன். என் மனைவி கோயம்புத்தூர்க்காரி, பக்கத்து ஊரான கார்ஹிங்கில் ஆராய்ச்சி செய்கிறவள். எதையும் நேரே பார்க்கிறவள்.

"வக்கீல் சொல்றது கரெக்ட்தானே, சேயோன். செட்டில்மெண்ட் வாங்கிட்டு மூவ் ஆன் பண்ணலாம். அவன் மனசுல என்ன இருந்தா உனக்கென்ன?"

எனக்கென்னவா? எனக்கு அது ஒன்றுதான் வேண்டும். 'கண்டுகொண்டுதான் இடிச்சனான்' என்று அவன் வாயால் ஒரு வசனம். டிராமைப் பறித்தவன் அதையாவது தரட்டும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் இராசலிங்கம் அண்ணை சமாதானம் பேச வந்தார். இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். கல்யாணம் குழம்பினாலும், கடைக்குப் பங்கு பிரித்தாலும் நடுவில் அவர்தான் நிற்பார். யாரும் கூப்பிடத் தேவையில்லை. அவருக்குப் பின்னால் தபோதரனின் அம்மா கலாதேவி அன்ரி ஒரு தட்டில் தோடம்பழமும் முந்திரிப்பழமும் ஏந்திக்கொண்டு வந்தார். அவருக்கும் பின்னால் அவன்.

எங்கள் ஆட்கள் சமாதானம் பேசுகிற முறை ஒன்று உண்டு. பழத்தட்டை மேசையில் வைப்பார்கள். குளிரைப் பற்றிப் பேசுவார்கள். இன்னாருடைய மகளுக்கு எங்கே பேச்சு நடக்கிறது என்று விசாரிப்பார்கள். தேத்தண்ணி வரும். எழும்பும்போது, 'அப்ப விடுவம், என்ன?' என்பார்கள். எதை விடுவது என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் சமாதானம் கெட்டுவிடுமாம்.

தேத்தண்ணி வரைக்கும் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"தம்பி சேயோன், விளையாட்டெண்டால் அடிபடும்தானே" என்றார் அண்ணை. "ரெண்டு பேரும் எங்கடை பிள்ளையள். ஏன் கோட்டிலை போய் நிண்டு மானத்தை வாங்குவான்? அவையின்ரை காப்புறுதி தாறதை வாங்கிக்கொண்டு விடுங்கோ."

"அண்ணை, இடிச்சவருக்கும் வாய் இருக்குத்தானே. அவர் கதைக்கட்டும்."

தபோதரன் கைத்தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான். "வழுக்கிப் போட்டுது. சொறி."

கலாதேவி அன்ரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"வழுக்கேல்லை" என்றார். "கோவத்திலை இடிச்சவன். எல்லாரும் சிரிச்சதாம், இவனுக்குப் பொறுக்கேல்லை. அண்டைக்கே வீட்டை வந்து என்னட்டைச் சொன்னவன். தம்பி, என்ரை பிள்ளை செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளு ராசா."

"அம்மா!" என்று அவன் கத்திய கத்தில் நிருபமா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இராசலிங்கம் அண்ணையின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, பொறுங்கோ, பொறுங்கோ. உப்பிடிச் சொல்லப்படாது. வேணுமெண்டு செய்தவன் எண்டால் காப்புறுதிக்காரன் ஒரு சதமும் தரமாட்டான். பொடியன்ரை தலையிலைதான் எல்லாம் விடியும். பொலிஸ் வழக்காயும் போகலாம். இனி உந்தக் கதை வாயிலை வரப்படாது, விளங்குதோ?"

அன்ரிக்கு விளங்கவில்லை. மகனைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், பிறகு என்னிடமே கேட்டார். "செய்ததைச் சொல்லாமல் எப்பிடித் தம்பி மன்னிப்புக் கேக்கிறது?"

இத்தனை மாதமாக நான் காத்திருந்த வசனம் என் வீட்டு சோபாவில் வந்து விழுந்தது, ஆனால் வேறொருவர் வாயிலிருந்து. அதைக் கேட்டு என் கோபம் ஆறியிருக்கவேண்டும். இரட்டிப்பானது. அப்படியென்றால் அவன் சொல்லத் தெரியாதவன் இல்லை. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு மட்டும்தான் சொல்லவில்லை.

"அன்ரி, உங்கடை மன்னிப்பு எனக்கு வேண்டாம்" என்றேன். "அவர் சொல்லட்டும். சொன்னால் மன்னிப்பைப் பற்றி யோசிக்கிறன்."

தபோதரன் எழும்பிப் போய்விட்டான். கதவை அடித்துச் சாத்தினான். உள்ளதைச் சொன்னால் மன்னிப்பு என்று நான் சொன்னதாக அன்ரி மனதில் எடுத்துக்கொண்டு போனார். அது எனக்கு அப்போது தெரியாது. பழங்களை நிருபமா குளிர்ப்பெட்டியில் வைத்தாள். நான் தொடவில்லை.

டெர்மின் என்று இங்கே சொல்கிற நீதிமன்றத் தவணை வசந்தகாலத்தில் வந்தது. சின்ன அறை. நீதிபதி எனக்கு அக்கா வயதுப் பெண், தடிமன் பிடித்திருந்தது. தபோதரனுக்குப் பக்கத்தில் அவனுடைய காப்புறுதி அனுப்பிய வக்கீல் இருந்தார். பார்வையாளர் வாங்கில் ஒரு முனையில் நிருபமா, மறுமுனையில் சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை போட்டபடி கலாதேவி அன்ரி.

"எப்படி நடந்தது?" என்று நீதிபதி கேட்டார்.

"வழுக்கிவிட்டேன்" என்றான் தபோதரன், மேசையைப் பார்த்தபடி.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு சமரசம் ஒன்று சொன்னார். காப்புறுதி நட்டஈடு தரும், யாரும் எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது, வழக்கு முடியும். இராசலிங்கம் அண்ணையின் சமாதானம்தான், பழத்தட்டு இல்லை, அவ்வளவே வித்தியாசம். எதிர்த்தரப்பு வக்கீல் தலையாட்டினார். விம்மர் அம்மையார் என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பார்த்தபோது நிருபமா 'சரின்னு சொல்லு' என்று கண்ணைக் காட்டினாள்.

எனக்கும் அலுத்துவிட்டது. நான் சரி என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்துவிட்டேன்.

கலாதேவி அன்ரி எழும்பி நின்றார். தனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தியபடி சொன்னார்: "மன்னிக்கவேணும், நீதிபதி அம்மா. வழுக்கவில்லை. அவனுக்குக் கோபம். நான் அம்மா. எனக்குத் தெரியும்."

"பார்வையாளர்கள் பேசக்கூடாது. உட்காருங்கள்" என்றார் நீதிபதி. ஆனால் சொன்னது சொன்னதுதான். காப்புறுதியின் வக்கீல் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார். இந்தச் சமரசத்துக்கு இனித் தன்னால் சம்மதிக்க முடியாது என்றார். விம்மர் அம்மையார் துள்ளி எழுந்தார். அது சாட்சியமே இல்லை, நாங்கள் கவனக் குறைவு என்றுதான் வழக்குப் போட்டிருக்கிறோம் என்று வாதாடினார். நன்றாகத்தான் வாதாடினார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "ஆனந்தராசா அவர்களே, இடிபட்டவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள். அவர் வேண்டுமென்றே செய்தாரா?"

மேசைக்குக் கீழே விம்மர் அம்மையார் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். எனக்கு முதுகுதான் அந்தப் பக்கம் இருந்தது, தெரியாது என்று சொன்னால் போதும். பாதி உண்மை. எல்லாம் திரும்ப ஒட்டுப்பட்டிருக்கும்.

அப்போதுதான் தபோதரன் என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணாடியில் பார்த்த பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேரே பார்த்தான். கண்ணால் கெஞ்சினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வசனத்துக்கு எத்தனை மாதம் அலையவிட்டான்! இப்போது நான் அவனுக்காகப் பொய் சொல்லவேண்டுமாம்.

"கண்ணாடியில் அவர் முகத்தைக் கண்டேன்" என்றேன். "என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். நிற்கப் பார்க்கவில்லை, வேகத்தைக் கூட்டினார். வேண்டுமென்றே செய்தார்."

விம்மர் அம்மையார் கையை எடுத்துவிட்டார். நிருபமா எழும்பி வெளியே போனாள். உண்மையில் உள்ள பற்றால் நான் அதைச் சொல்லவில்லை. கோபத்தில் சொன்னேன். நிற்க இடம் இருந்தது, நேரமும் இருந்தது, நானும் நிற்கவில்லை.

வெளியே நடைபாதையில் தபோதரனின் வக்கீல், இனித் தன் நிறுவனம் அவனுக்காக வராது, சொந்தமாக ஒரு வக்கீலைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கைகுலுக்கினார். தபோதரன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனான். நிருபமா யன்னலோரம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு நட்டஈடும் போயிற்று, டிராமும் போயிற்று. அவனுக்கு என்னென்ன போகும் என்று இனித்தான் தெரியும். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வெறும் களைப்புத்தான் இருந்தது.

கலாதேவி அன்ரி கைப்பையை மார்போடு அணைத்தபடி என்னிடம் வந்தார். முகத்தில் பயமில்லை. ஒரு பெரிய வேலையைச் செய்து முடித்த ஆறுதல்தான் இருந்தது. மகனுக்கு என்ன நடந்தது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"தம்பி, உள்ளதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டன்" என்றார். "இனி அவனை மன்னிப்பாய்தானே, ராசா?"

பையைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினார். களைத்திருந்தேன் அல்லவா, இரண்டு கலாதேவி அன்ரி கை கூப்பிக்கொண்டு நின்றார்கள். எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே தெரிந்த வெறும் சுவரைப் பார்த்து, "ஏலாது, அன்ரி" என்றேன்.