ஜனாதிபதி சொல்லாத வரி

1.

இந்தக் கதை ஓர் உரையிலிருந்து பிறந்தது. ஒரு நாட்டின் ஜனாதிபதி, பக்கத்து நாட்டோடு ஏன் போருக்குப் போகவேண்டும் என்று ஐந்து காரணங்கள் சொல்லி நாற்பது நிமிடம் பேசினார். [இரண்டு நாடுகளின் பெயரையும் எழுதிப் பிறகு அழித்துவிட்டேன். தெரிந்தால் நீங்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.]

முதல் தொடக்கம்: "ஸ்காபரோவில் அன்று பனி கொட்டிக்கொண்டிருந்த..." வேண்டாம். ரொறன்ரோக் கதை என்றால் பனிதானா?

2.

நிரூபா ரொறன்ரோவிலுள்ள தமிழ் வானொலி ஒன்றில் செய்திகளை மொழிபெயர்த்து வாசிப்பவள். பதினாறு வயதுக்குள் வன்னியில் போரால் மூன்று முறை இடம்பெயர்ந்தவள். உரையை வெறுப்போடு கேட்டாள் என்றுதான் எழுத நினைத்தேன். அவள் இடம் கொடுக்கவில்லை. எல்லையில் குண்டுபட்டு இறந்த பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை ஜனாதிபதி ஒவ்வொன்றாக வாசித்தபோது அவள் கண் கலங்கியது. ஐந்து காரணங்களையும் தமிழாக்கி முடித்தபோது, போர் சரிதானே என்று அவளுக்கே தோன்றியது.

தனக்கா இப்படி? அந்த வியப்பில் உரையை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். இராணுவம் போகும் பாதை அதில் இருந்தது. பாதையில் குடியிருக்கும் சனம் இல்லை.

3.

மதியச் செய்தியில், தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தாள்: "அங்கேயுள்ள மக்கள் எங்கே போவார்கள் என்று ஜனாதிபதி சொல்லவில்லை."

நிலையப் பொறுப்பாளர் பத்மநாதன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உது மொழிபெயர்ப்பே, நிரூபா? அவர் சொல்லாததை நீர் ஏன் சொல்லுறீர்?"

"சொல்லேல்லை எண்டுதானே அண்ணை சொன்னனான்."

"நாளைக்கும் உப்பிடிச் செய்தா உம்மை மைக்கில விடமாட்டன்."

[இந்த இடத்தில் ஒரு நேயர் அழைத்துப் பாராட்டலாம். எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது.]

அழைத்தவர் ஒஷாவா நகரிலிருந்து யேசுரட்ணம் என்ற நேயர்.

"பிள்ளை, சனத்தைப் பற்றிக் கேட்டது சரி. அந்தச் செத்த பிள்ளையளுக்கு ஆர் பதில் சொல்லுறது? என்ர மகனும் பள்ளிக்கூடத்தில குண்டு விழுந்துதான் செத்தவன்."



"எனக்குத் தெரியேல்லை அங்கிள்."

"தெரியாட்டி அதையும் கேளும்."

4.

அழைப்பு முடிந்ததும் நிரூபா விம்மி... இல்லை, அவள் அழவில்லை. அந்தப் பிள்ளைகளின் பெயர்களைத் திரும்ப எடுத்து, சரியாக உச்சரிக்க வரும்வரை சொல்லிப் பார்த்தாள்.

மறுநாள் ஜனாதிபதி மீண்டும் பேசினார். ஆறாவது காரணம். நிரூபா அதை வாசித்து முடித்துவிட்டாள். மைக் இன்னும் திறந்திருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் பத்மநாதன் நிற்கிறார். அவளுக்கென்று நான் எழுதிக் கொடுத்த மூன்று வரிகளையும் அவள் சொல்ல மறுக்கிறாள்.

நீங்கள் ஒரு வரி கொடுங்கள். யேசுரட்ணம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.