பலகையில் ஏறிய வரிகள்

எண்பத்து நான்காம் வருடம், ஈப்போவில் ரப்பர் தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுத நான்கு பேர் இருந்தார்கள். இசபெல்லாதான் புதியவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் மெஷினுக்கு அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். பிழை ஒளிந்திருக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள், அவ்வளவுதான். "தங்கச்சி, கொஞ்சம் பாரேன்லா" என்று காகிதக் கட்டை முதலில் கொண்டுவந்து போடுகிறவன் ஜெயபாலன்.

புது மேனேஜர் சன்னாசி வந்ததும் சுவரில் ஒரு பலகை ஏறியது. வாரக் கடைசியில் யார் எத்தனை வரி எழுதினார்கள் என்று அதில் போட்டார். அவரும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

"பால எட போட்டாதான்லா யாரு மரம் வெட்டுனா, யாரு நெழல்ல தூங்குனான்னு தெரியும். இங்கயும் அதான். மாசக் கடைசியில யாரு கொறைச்சலோ, அவங்க வேற எடம் பாத்துக்கலாம்."

இசபெல்லாவின் அம்மா செமோர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். எடை கூடுவதற்காக ஆற்றுத் தண்ணீரைப் பாலில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அதனால்தான் தோட்டத்துக் கணக்கரான கிராணி நிறுப்பதோடு விடாமல் பாலைச் சோதித்தும் பார்ப்பார். இதைச் சொல்ல நினைத்தாள். பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

அந்த வாரம் ஜெயபாலன் கேட்டான் என்று அவனுடைய நீளமான புரோகிராமைச் சுருக்கிக் கொடுத்தாள். மெஷினில் அது முன்னைவிட வேகமாக ஓடியது. ஆனால் வரி குறைந்ததால் பலகையில் அவன் அடிமட்டத்துக்கு இறங்கினான்.

"என்ன ஜெயபாலன், ஒன் பக்கம் மட்டும் மழை பேஞ்சு மரம் வெட்டலயா?" என்றார் சன்னாசி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அவன் நேராக அவள் மேசைக்கு வந்தான். "இனிமே என்னோடத நீ தொடாத."

"நீங்கதானே அண்ணே கேட்டீங்க."

"கேட்டேன். புத்தி கெட்டுப்போய்க் கேட்டேன்."

பிறகு யாரும் யாருக்கும் எதையும் காட்டவில்லை. பரீட்சையில் பிள்ளைகள் தாளை மறைப்பதுபோல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். இசபெல்லாவும் கற்றுக்கொண்டாள். ஒருமுறை சொன்னால் போதுமானதைத் திரும்பத் திரும்ப எழுதினாள். அப்படியும் மாதக் கடைசியில் பலகையின் அடியில் அவனும் அவளும்தான் நின்றார்கள்.

அன்று பிரிண்டரில் கிடந்த அவனுடைய காகிதத்தை எடுத்துக்கொண்டு நடக்கும்போதே பார்த்துவிட்டாள். மாத நடுவில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களின் பெயர் இரண்டு தோட்டத்துச் சம்பளப் பட்டியலிலும் விழவில்லை. பென்சில் கையில்தான் இருந்தது. "எம் மக ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேல பாக்குறா" என்று அம்மா லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். காகிதத்தை அவன் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

சம்பள நாளன்று தோட்டத்துக் கிராணிமார்களின் போன் ஓயவில்லை. மாறிப்போன குடும்பங்கள் வெறுங்கையோடு தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்பதாகச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் ஜெயபாலனை வீட்டுக்கு அனுப்பினார் சன்னாசி.

அவன் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டே கேட்டான். "நீ பாத்ததானே?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

"தொடாதன்னு சொன்னீங்க அண்ணே."

அவன் தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சன்னாசி அந்தக் காகிதக் கட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "இனி இது உங்க பொறுப்பும்மா. வேலையும் நிரந்தரம். சீக்கிரம் சரி பண்ணுங்க."

சரி செய்ய ஒரு வரி போதும். அவள் ஒரு பக்கம் எழுதினாள்.