சில்லருக்குக் கேட்காத தொட்டி

அந்த மருந்துத் தொழிற்சாலையில் இரண்டு குடித்தனங்கள். தொட்டிகளை ஆளும் கட்டுப்பாட்டு அமைப்பு மோட்பஸ் என்ற நெறிமுறையில் பேசும். கட்டடத்தின் விளக்கு, காற்று, குளிர்நீர் ஆகியவற்றை ஆளும் அமைப்பு பேக்நெட்டில் பேசும். இரண்டும் உலகத் தரம். இரண்டுக்கும் சான்றிதழ் உண்டு. ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்காது, அவ்வளவுதான். நடுவில் டிபன் பெட்டி அளவில் ஒரு கேட்வே. பேச்சுவார்த்தை நின்றுபோன புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே, "சாப்பாடு ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்று அனுப்பப்படும் பிள்ளையின் வேலை அதற்கு.

அதை மாட்டியவனுக்கு இரு தரப்பும் வைத்த பெயர் பாலம். யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்பதால்.

அன்று மதியம் மின்னறையில் பெட்டியின் முன் உட்கார்ந்து பாலம் வியர்த்துக்கொண்டிருந்தான். ஒரு காதில் வைத்த போனில் தொட்டியைக் கவனிக்கும் கண்ட்ரோல் ரூம் அக்கா. மறு காதுப் போனில் கட்டடப் பராமரிப்பு மேலாளர், அதாவது அவனுடைய மாமனார்.

"முப்பத்தெட்டு புள்ளி எட்டு டிகிரி, தம்பி. நாப்பதைத் தொட்டா செல்லெல்லாம் செத்துடும். மறுபடி வளர்க்க வேற விதைச் செல் கிடையாது. இந்த மருந்தை நம்பியிருக்கிற குழந்தைங்களுக்கு நான் என்ன, வருத்தத்தையா ஊசியில ஏத்தி அனுப்புறது?" என்றாள் அக்கா.

தொட்டியில் இருந்தவை உயிருள்ள செல்கள். வளர வளரச் சூடு கிளப்பும். அந்தச் சூட்டைக் குளிர்நீர்தான் வாங்க வேண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லரோ மாமனார் பக்கம்.

"மாமா, சில்லரைக் கொஞ்சம் ஏத்துங்களேன்."

"எதுக்கு மாப்ள? உங்க தொட்டி அறுபத்தெட்டு சதவீதம்தான் கேக்குது. கேட்டதைக் குடுத்தாச்சு. கேக்காததையும் குடுக்க இது என்ன உன் கல்யாணமா?"

"அக்கா, நீங்க எவ்ளோ கேக்குறீங்க?"

"நூறு. காலையிலேர்ந்து நூறுதான்."

"அறுபத்தெட்டுன்னு உங்க திரையில ஏதாவது இருக்கா?"

"தொட்டி மட்டம். அறுபத்தெட்டு சதவீதம் நிறைஞ்சிருக்கு. ஏன்?"

பாலம் கேட்வேயில் தான் எழுதியிருந்ததைத் திறந்து பார்த்தான். அக்காவின் அமைப்பு தன் எண்களை வரிசையாக நினைவக அறைகளில் வைக்கிறது. முதல் அறைக்குப் பெயர் பூஜ்ஜியம். அவன் அதை ஒன்று என்று நினைத்து எழுதிவிட்டான். குளிர்நீர்த் தேவையைப் படிக்க வேண்டிய கேட்வே ஓர் அறை தள்ளி மட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தது. சோதனையன்று தொட்டி காலி. மட்டமும் பூஜ்ஜியம், தேவையும் பூஜ்ஜியம். எல்லாம் பொருந்துகிறதென்று கைதட்டி, கேக் வெட்டினார்கள். பெரிய துண்டு அவனுக்குத்தான்.

திருத்துவது ஒரு நிமிட வேலை. ஆனால் பெட்டியை அணைத்து எழுப்ப வேண்டும். பெட்டி மௌனமானால், ஆளே இல்லை போலும் என்று சில்லர் சிக்கனமாகப் படுத்துவிடும். மறுபடி எழ அரைமணி நேரம்.

"மாமா, கையாலயே ஓட்ட முடியாதா?"

"அந்த சுவிட்சைக் கழட்டிட்டோம். மனுஷன் தொட்டா தப்பு வரும்னு நீதான மாப்ள சொன்ன."

"முப்பத்தொம்பது புள்ளி ரெண்டு," என்றாள் அக்கா. அவள் குரல் சன்னமாகியிருந்தது.

பாலம் கண்ணை மூடினான். "அக்கா, தொட்டியை நிறைச்சிடுங்க."

"என்னது?"

"புது ஊட்டக்கரைசல் இருக்கில்ல, அதை விடுங்க. மட்டம் ஏறினா நீங்க கேக்குறதா சில்லர் நினைச்சுக்கும்."

"நீர்த்துப்போகும்பா. பாதி விளைச்சல் போச்சு."

"செத்தா முழுசும் போகும்கா."

 போனில் வால்வு திறக்கும் ஓசை. மட்டம் எழுபத்தைந்து. எண்பத்து மூன்று. தொண்ணூறு. அதற்கு மேல் நிறைத்தால் நுரைக்கு இடமில்லை. சுவருக்கு அப்பால் சில்லரின் இரண்டாவது கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது.

"பாத்தியா மாப்ள," என்றார் மாமனார் பெருமையாக, "வாயைத் திறந்து கேட்டா உடனே குடுக்குறோம். இதுக்குப் போயி காலையிலேர்ந்து ஆர்ப்பாட்டம்."



"முப்பத்தொம்பது புள்ளி ஆறு," என்றாள் அக்கா. நீண்ட நேரம் கழித்து, "அங்கயேதான் நிக்குது. ஏறல, இறங்கல."

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றான் பாலம், தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.