டொக் சத்தம் யாருடையது

எங்கள் காரில் வந்த 'டொக்' சத்தம் என்னுடையது என்று வள்ளியூர் மெக்கானிக் ஜெபசிங் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அநியாயம் செய்ய அவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

அவர் முறை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உள்ளதுதான். வண்டியில் இருப்பவர்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பார். அம்மா இறங்கியபோதும் சத்தம் வந்தது. அப்பா இறங்கியபோதும் வந்தது. நான் இறங்கினேன், நின்றுவிட்டது. பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என் தோளில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டார்.

"வண்டில ஒண்ணும் இல்ல. பாப்பாவ மட்டும் விட்டுட்டுப் போங்க."

"ஒரு தடவை நின்னா அது நிரூபணமாண்ணே? என்னை இறக்கிவிட்டுட்டு நீங்க வேகத்தடை பக்கமே போகலியே!"

"இப்படிப் பேசிப் பேசித்தான் உள்ள எல்லாம் லூசாகுது."

அப்பாவும் அதை ஒத்துக்கொண்டார். நேரத்துக்கு யாராவது போய்ச் சேர வேண்டுமே என்று அம்மாவோடு பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிவிட்டார். டயர் கழற்றிய ஒரு வேனுக்குப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள்.

ஊர் தாண்டியிருப்பார்கள் என்று தோன்றியபோது போன் செய்தேன்.

"அப்பா, சத்தம் வருதா?"

"வருது."

"அப்ப என்னோடது இல்லைன்னு ஆச்சா?"

"அதெப்படிட்டி? நீ வண்டியிலயே வச்சிட்டு இறங்கிட்ட. குடைய வச்சிட்டு இறங்குவியே, அந்த மாதிரி."

"அவகிட்ட வாயக் குடுக்காதீங்க, ரோட்டப் பாருங்க," என்று அம்மா சொல்வது கேட்டது.

நான் ஜெபசிங்கிடம் போனேன். சத்தம் காரில் இருக்கிறது என்றால் என்னிடம் இல்லை, என்னிடம் இல்லை என்றால் என்னை நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை என்றேன். அவர் மறுபடி ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கல. போங்க."

"மன்னிப்பு?"

"அடுத்த வண்டி நிக்குது பாப்பா."

பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் ஜெயித்த திருப்தி இருந்தது. போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கியிருந்தது. அப்பாவும் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். மேடையில் எனக்குப் போட்ட நாற்காலியில் யாரும் இல்லை. தேர்வாளர் அந்த நாற்காலியைப் பார்த்து மூன்றாம் இயலைப் பற்றிக் கேட்டார்.

'டொக்' என்றது.

அவர் தலையை ஆட்டினார். என் ஆய்வேட்டில் பலவீனமான இயல் அதுதான். நான் தயார் செய்து வைத்திருந்த பதிலைவிட இது நன்றாகவே இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஐயா, ஆய்வாளர் நான்தான். அந்தச் சத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. மெக்கானிக்கே ஒத்துக்கிட்டாரு."

"சம்பந்தமே இல்லையா?"

"துளிகூட இல்லைங்க ஐயா."

"அப்ப அது சொந்தமாத்தான் இவ்வளவும் சொல்லியிருக்கு," என்று பக்கத்திலிருந்த பேராசிரியரிடம் சொன்னார். பிறகு நாற்காலியின் பக்கம் திரும்பி மரியாதையாகக் கேட்டார்: "இவங்க யாருங்க?"

"டொக்."

"தெரிஞ்ச பொண்ணுதானாம். பின்னால போய் உக்காருங்கம்மா."