விடைக்குறிப்பில் இல்லாத பொருள்

திண்டிவனத்தில் நான் தமிழாசிரியையாக இருக்கும் பள்ளியில், இலவச விடுதியோடு பிளஸ் ஒன் படிக்க வருஷத்துக்குப் பத்துப் பேரைத் தேர்வு வைத்து எடுக்கிறோம். இந்த வருஷம் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் நின்றார்கள். முகையூர்ப் பக்கத்துச் சகாய பிரியாவுக்கு இன்னும் ஒரு மதிப்பெண் கிடைத்தால் இடம் அவளுக்கு. கிடைக்காவிட்டால் அம்மாவோடு வேர்க்கடலைக் காட்டில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போகவேண்டியதுதான்.

அந்த ஒரு மதிப்பெண் என் கையில் இருந்தது. 'மாமா கல்யாணத்துக்கு வந்தார், மணமக்களை வாழ்த்தினார், கை நனைக்காமலே கிளம்பிவிட்டார்' என்று கொடுத்து, 'கை நனைத்தல்' என்பதற்குச் சூழலை வைத்துப் பொருள் எழுதச் சொல்லியிருந்தேன். விடைக்குறிப்பில் 'சாப்பிடுதல்' என்று எழுதி வைத்தவளும் நான்தான். பெரிய மேதாவி!

அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'எதிரில் இருப்பவரும் தனக்குச் சமம் என்று காட்டுதல். எங்கள் காலனியில் நடந்த அக்கா கல்யாணத்துக்கு ஊர்த்தெருக்காரர்கள் வந்தார்கள். மூடி திறக்காத கலர் பாட்டிலை மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். யாரும் கை நனைக்கவில்லை.'

அடிப் பாவிப் பெண்ணே, என்னமாய்ப் புரிந்துகொண்டிருக்கிறாய்! எங்கள் காலனிக் கல்யாணங்களிலும் ஊர்த்தெருக்காரர்களுக்கென்று தனியாகப் பாட்டில் வாங்கி ஐஸில் போட்டு வைப்போம். நான் காலனிக்காரி என்பது இங்கே யாருக்கும் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் பாண்டிச்சேரி என்பேன்.

தாளை எடுத்துக்கொண்டு தாளாளர் நெடுஞ்செழியனிடம் போனேன்.

"சார், இந்தப் பதிலும் சரிதாங்க. மார்க் போட்டுடலாம்."

வாசித்துவிட்டுச் சிரித்தார். "இன்னா ஜெசிந்தா டீச்சர், சாப்பிடறதுன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? இந்தக் காலத்துல எவன் இதெல்லாம் பாத்துக்கினு இருக்கான்? பொண்ணு கதை வுட்டுக்கினு இருக்குது."

"இல்லீங்க சார், நடக்குதுங்க."

"உங்களுக்கு எப்டித் தெரியும்? எங்கனா பாத்திருக்கீங்களா?"

சும்மாதான் கேட்டார். பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்த மலர்விழி டீச்சர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தினமும் என் டப்பாவிலிருந்து மீன்குழம்பு எடுத்து உரிமையாகச் சாப்பிடுகிறவள்.

'எங்க வீட்டுலயே பாத்திருக்கேன் சார்' என்று சொன்னால் முடிந்தது. வாய்வரை வந்தது. சொன்னால் நாளைக்கு மலர்விழிக்கு வயிறு சரியிருக்காது, மறுநாள் ஏதாவது விரதம் வந்துவிடும். அப்புறம் தினமும் விரதம்தான். பதினோரு வருஷம் கட்டிக் காத்தது ஒரே நாளில் போய்விடும்.

"இல்லீங்க சார். அதெல்லாம் எங்க பக்கம் கிடையாதுங்க. யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றேன்.

"அப்புறம் இன்னா? ஆன்சர் கீல இருக்கறதப் பாத்துப் போடுங்க. ஜல்தியா லிஸ்ட் ஒட்டணும்."

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். மலர்விழி மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டாள். சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பதிலைக் குறுக்கே அடித்து, சுழி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டேன்.

பொய் சொன்னது நான். சுழி வாங்கினது அவள்.